நிலம் நல்லதாவது எவரால்? – ஔவையார் பாட்டும் ரிங்லெட் நீர்த்தேக்கமும்

புறநானூற்றின் 187-ஆம் பாட்டு நான்கே அடிகளால் ஆயது. ஔவையார் பாடிய இப்பாட்டைத் தமிழ் பயிலும் மாணவர் இளமையிலேயே கற்றுவிடுகின்றனர். நாடாயினும் காடாயினும், பள்ளமாயினும் மேடாயினும், வாழ்வோர் நல்லவராக உள்ள இடத்து நிலமும் நல்லதாகும் என்பது அதன் திரண்ட கருத்து. சொல் எளிது, பொருளும் எளிது, மனத்தில் பதிவதும் எளிது. இந்த எளிமையே பாட்டுக்கு ஓர் இடையூறாகவும் முடிந்தது. தனிமனிதன் திருந்தினால் சமுதாயம் தானே திருந்திவிடும் என்னும் பொதுக்கூற்றுக்குச் சான்று காட்டும் பாட்டாக அது நின்றுவிட்டது. மேடைப் பேச்சிலும் தேர்வுக் கட்டுரையிலும் அதன் பணி அவ்வளவில் முடிந்துவிடுகிறது.

இயற்கையைக் கெடாமல் காத்து, பின்வருவோர்க்கும் எஞ்சுமாறு துய்க்கும் வாழ்வு இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அவ்வாழ்வுக்கு ஒரு நாடு முழுவதும் மாறவேண்டுமாயின் மாற்றம் எங்குத் தொடங்கும்? ஒவ்வொருவரின் நடத்தையிலா, அரசின் ஆணையிலா? இவ்வினாவுக்கு ஔவையார் பாட்டு உண்மையில் என்ன விடை தருகிறது என்பது ஆராயத்தக்கது. ஆராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க, மலேசியத் தமிழர் நன்கு அறிந்த ஒரு மலையூரை உடன்வைத்துப் பார்ப்பது பயன் தரும். அவ்வூர் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் அடிவாயிலாகிய ரிங்லெட்.

பாட்டும் பழைய உரையும்

இப்பாட்டின் திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி. உயிர்க்கு உறுதி தரும் பொருளை எடுத்துரைப்பது அத்துறை. பாட்டில் புலவர் விளித்துப் பேசுவது மக்களை அன்று, நிலத்தை. நிலத்தை முன்னிறுத்தி வாழ்த்துவது போலத் தொடங்கி, அதன் பெருமை அதனிடத்து இல்லை, அதன்மேல் வாழ்வாரிடத்தே உள்ளது என்று முடிப்பதே பாட்டின் நயம். புறநானூற்றின் பழைய உரைகாரர் இந்நயத்தை நுட்பமாக உணர்ந்தவர். வாழ்வோரின் இயல்பன்றித் தனக்கென ஓர் இயல்பு நிலத்துக்கு இல்லை என்று அதனை இழித்துக் கூறுவது போல உலகத்து இயற்கை கூறப்பட்டது என்பது அவர் கருத்து.

உரை நயமானதே. ஆயினும் நிலத்துக்குத் தனக்கென இயல்பு இல்லை என்பதை அப்படியே ஏற்றல் இயலுமா? தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தார். அகப்பொருளில் நிலமே மக்களின் ஒழுக்கத்துக்குக் களமாகிறது. மலைநிலத்தின் குளிரும் தினைப்புனமும் அருவியும் குறிஞ்சி ஒழுக்கத்தோடு பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளன. அங்கே நிலத்தைத் தழுவி ஒழுக்கம் அமைகிறது. ஔவையார் பாட்டிலோ ஒழுக்கத்தைத் தழுவி நிலம் அமைகிறது. ஒரே இலக்கிய மரபின் இரு கூற்றுகள் ஒன்றற்கொன்று எதிர்முகமாக நிற்கின்றன.

இம்முரண் மேலோட்டமானது. ஔவையார் நிலத்தின் வேற்றுமையை அறியாதவர் அல்லர். அறிந்ததனால்தான் நாடு, காடு, அவல், மிசை என நான்கைத் தனித்தனியே எண்ணுகிறார். அவலில் நீர் தேங்கும். மிசையில் நீர் நில்லாது ஓடும். இரண்டும் வேறு வேறு உழைப்பை வேண்டுவன. ஆகவே 'நல்லவர்' என்னும் சொல் எல்லா நிலத்திலும் ஒரே செயலைக் குறிக்க முடியாது. பள்ளத்தில் நல்லவன் செய்வது ஒன்று. மேட்டில் நல்லவன் செய்யவேண்டுவது வேறொன்று. நிலத்தின் இயல்பை அறிந்து அதற்கேற்ப ஒழுகுவோரே அந்நிலத்துக்கு நல்லவர் என்று கொண்டால் தொல்காப்பியமும் புறப்பாட்டும் முரணின்றிப் பொருந்திவிடும்.

'ஆடவர்' என்ற சொல்லையும் கருதவேண்டும். ஆண்பாலை மட்டும் குறிக்கும் சொல்லைப் பெண்பாற் புலவர் ஒருவரே ஆண்டிருப்பது வியப்புக்குரியது. அக்காலத்து உழவும் வேட்டையும் போரும் நிலத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்ல ஆடவர் தொழிலாக இருந்தமையின் அவ்வாறு கூறினார் எனலாம். தேயிலை மலையில் கூடை சுமந்து கொழுந்து பறித்த பெண்களை நினைக்கும் இன்றைய ஆசிரியர், இச்சொல்லை மக்கள் எனப் பொதுவாக விரித்துரைப்பதில் தவறில்லை. சொல் பன்மையில் நிற்கிறது என்பதோ எக்காலத்தும் மறக்கத்தகாதது. ஒருவன் நல்லவனாயிருத்தலை ஔவையார் கூறினாரல்லர். நல்லவர் பலராதலைக் கூறினார். ஒருவன் பலராவது எங்ஙனம் என்பதே நம் வினா.

மலையின் இயல்பு

பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து மலைப்பாதையில் ஏறுவோர் கேமரன் மலையில் முதலில் அடையும் ஊர் ரிங்லெட். 1885-இல் இம்மலைப் பகுதியை அளந்து குறித்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயரே மலைக்கு ஆயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாப் பாதை 1930-களின் தொடக்கத்தில் மலையை எட்டியது. செமாய் முதலிய பழங்குடியினர் வாழ்ந்த காட்டு மலையில், தென்னாட்டிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் காடு வெட்டி, பாதை அமைத்து, தேயிலை நட்டு, லயங்களில் குடியிருந்தனர். தேயிலையும் காட்டை அழித்தே வந்தது என்பதை மறைத்தல் கூடாது. மலையின் முதற் காயம் காய்கறித் தோட்டங்களால் நேர்ந்ததன்று.

ஆயினும் தேயிலைக்கும் காய்கறிக்கும் மண்காப்பில் பெரும் வேற்றுமை உண்டு. நன்கு வளர்ந்த தேயிலைச் செடிகள் ஒன்றோடொன்று தோள் சேர்ந்து நிலத்தைப் போர்வை போல மூடுகின்றன. பல்லாண்டு வாழும் செடியாதலின் ஆண்டுதோறும் மண்ணைக் கிளற வேண்டுவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது மட்டும் நிலம் வெளிப்படும். அப்போது வெட்டிய கிளைகளையும் இலைகளையும் அங்கேயே பரப்பி விட்டால் மழைத்துளி மண்ணைத் தாக்காது. விறகுக்கென்று அவற்றை அள்ளிச் சென்றால் அடுத்த மழையில் மேல்மண் கரையும். கவ்வாத்துக் கத்தி பிடித்த தொழிலாளி ஒவ்வொருவரும் அறிந்த செய்தி இது. கோசு, தக்காளி, மிளகாய் முதலிய குறுகிய காலப் பயிர்களோ அடிக்கடி மண்ணைத் திருப்பவும் திறந்துவைக்கவும் செய்கின்றன. கருங்கல் சிதைந்து உண்டான மண், செங்குத்தான சரிவு, ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழை ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் மண்ணைத் திறந்துவிட்டால் அது ஆற்றுக்கே போகும். மிசையின் இயல்பு இது.

அவ்வாறு போன மண் எங்குத் தங்கிற்று என்பதற்கு ரிங்லெட் சான்று. பெர்த்தாம் ஆற்றை மறித்து, 1963-இல் அங்கே சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டது. தேங்கும் நீர் மலைக்குள் குடைந்த சுரங்கவழியே பேராக் பக்கம் இறங்கி, ஜோர் நிலத்தடி மின்நிலையத்தில் மின்னாகிறது; பின்னர் வோ மின்நிலையத்திலும் பயன்படுகிறது. தெலோம் ஆற்றின் நீரும் மற்றொரு சுரங்கத்தால் பெர்த்தாமோடு சேர்க்கப்பட்டது. நீர்த்தேக்கத்தின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 63 இலட்சம் கன மீட்டர். சுமார் 80 ஆண்டு பயன்படும் எனக் கணக்கிட்டே அதனை அமைத்தனர். மேல்மலையில் காடு குறைந்து, காய்கறி நிலமும் கட்டடமும் பெருகப் பெருக, வண்டல் கணக்கை மீறி வந்து சேர்ந்தது. அக்காலத்தின் பாதி கழியுமுன்னரே கொள்ளளவில் கணிசமான பகுதியைச் சேறும் மணலும் பற்றிக்கொண்டன. தூர் எடுத்தல் முடிவில்லாப் பணியாயிற்று.

2013 அக்டோபர் 23 அதிகாலையில் பெருமழையால் தேக்கம் நிரம்ப, அணையின் நீர் திறந்துவிடப்பட்டது. அணைக்குக் கீழுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றது. மழையின் மிகுதி ஒரு காரணம். வண்டலால் தேக்கத்தின் இடம் சுருங்கியிருந்தது ஒரு காரணம். அணைக்குக் கீழே ஆற்றின் இருகரையையும் நெருக்கிக் குடியிருப்பும் பயிர்நிலமும் எழுந்திருந்தது ஒரு காரணம். மிசையில் ஒருவன் திறந்த மண் அவலில் மற்றொருவன் வீட்டுக்குள் புகுந்தது. அவல், மிசை என்னும் இரு சொற்களை ஔவையார் அடுத்தடுத்து வைத்தார்; ஆறு அவற்றை ஒரே நிலமாகப் பிணைத்துவிட்டது.

யானையின் காலடி

இவ்வழிவுக்குக் காரணமான தீயவன் யார் என்று தேடினால் எவனும் அகப்படமாட்டான். காய்கறி பயிரிட்டவன் தன் குடும்பத்தைக் காக்கப் பயிரிட்டான். அதனை வாங்கிய கோலாலம்பூர், சிங்கப்பூர் இல்லத்தரசி தன் மக்களுக்குச் சமைக்க வாங்கினார். விடுதி கட்டியவன் விடுமுறைக்கு வருவோர் தங்கக் கட்டினான். தனித்தனியே நோக்கின் ஒவ்வொருவரும் நல்லவரே; ஒருங்கே நோக்கின் நிலம் நல்லதாகவில்லை. ஔவையார் பாட்டை மேலோட்டமாகக் கொள்ளும் கட்டுரையாளர்க்கு இங்கே விடை இல்லை. விடைக்குத் துணையாவது அதே நூலின் 184-ஆம் பாட்டு.

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடியது அது. சிறு வயலில் விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பல நாளைக்கு உணவாகும். யானையே வயலுக்குள் புகுந்து தானாக மேயத் தொடங்கினால் நூறு வயலும் பாழாகும். அது தின்றதைக் காட்டிலும் மிதித்தது மிகுதியாகும். வரி கொள்ளும் நெறி பற்றி வேந்தனுக்குச் சொன்ன அறிவுரை இது. உவமையின் ஆழம் வரியோடு முடிவதன்று. யானையின் பசி குற்றமன்று. கொடுப்பாரும் கொள்வாரும் இடையே ஒரு முறை இல்லாது போனமையே குற்றம். பசி சிறிதாயினும் முறையின்றிப் புகுந்தால் அழிவு பெரிது. பசி பெரிதாயினும் முறையொடு கொண்டால் நிலம் தாங்கும்.

கேமரன் மலையில் நிகழ்ந்ததும் இதுவே. கோசு உண்பதால் மலை சரியவில்லை. கோசு விளைந்த முறையால் சரிந்தது. அம்முறையின் வேர் ஓரளவு நிலவுரிமையில் உள்ளது. இம்மலையின் காய்கறி நிலங்களில் பெரும்பகுதி நெடுங்காலம் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய தற்காலிக உரிமத்தின் கீழ்ப் பயிரிடப்பட்டது. அடுத்த ஆண்டு நிலம் தன்னிடம் இருக்குமோ இராதோ என்று அறியாத உழவன், இருபது ஆண்டு நிற்கும் படிக்கட்டு வரப்பையும் வடிகாலையும் தன் செலவில் அமைப்பானா? அவனை நல்லவனாக இருக்கச் சொல்லுதல் எளிது. நல்லவனாக இருப்பவன் நட்டப்படாத முறையைச் செய்துகொடுத்தலே அரிது. பிசிராந்தையார் அறிவுரையை உழவனுக்குச் சொல்லாமல் வேந்தனுக்குச் சொன்னது கருத்துடையது. தரம் அறியாமல் ஆரவாரிக்கும் சுற்றத்தையும் அவர் சேர்த்தே கடிந்தார். உரிமம் வழங்குவோரும் அவர்க்கு அருகிருப்போரும் இக்கடிதலுக்கு அப்பாற்பட்டவர் அல்லர்.

நீரைத் தளைத்தவர்

அரசின் கடமையை இன்னும் வெளிப்படையாகக் கூறுவது 18-ஆம் பாட்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடியது. உணவு கொடுத்தவர் உயிர் கொடுத்தவராவர்; உணவென்பது நிலமும் நீரும் கூடியது; அவ்விரண்டையும் கூட்டியவர் உடலையும் உயிரையும் படைத்தவர் ஆவர் என்று படிப்படியாக அவர் எடுத்துரைக்கிறார். நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்கியவரே தம் பெயரையும் இவ்வுலகில் தேக்கியவர் என்று முடிக்கிறார். 'தட்டோர்' என்னும் ஒரே சொல்லை நீரைத் தளைத்தற்கும் புகழைத் தளைத்தற்கும் ஆண்ட திறம் ஆசிரியர் வகுப்பில் விளக்கி மகிழ்தற்குரியது. போர் வென்ற வேந்தனை நோக்கி, வென்றது போதும், குளம் தோண்டு என்று சொன்ன புலவரின் துணிவும் எண்ணத்தக்கது.

இப்பாட்டை மட்டும் கொண்டு பார்ப்பவர், தனிமனிதன் செய்வதற்கு ஒன்றுமில்லை, அனைத்தும் அரசின் செயலே என்ற முடிவுக்கு வரக்கூடும். அம்முடிவை ரிங்லெட் மறுக்கிறது. அங்கே நீர் தளைக்கப்பட்டது. அணை உயர்ந்து நின்றது. பொறியாளர் கணக்கும் பிழையற்றே தொடங்கியது. மேல்மலையில் வாழ்வோரின் நடத்தை மாறியபோது அணை தளர்ந்தது. அரசு கட்டியதை மக்கள் காவாவிடின் நில்லாது. மக்கள் காக்க முனைந்தும் அரசு முறை செய்யாவிடின் அம்முயற்சி நில்லாது. 18-ஆம் பாட்டும் 187-ஆம் பாட்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்வன. 18-ஆம் பாட்டின் துறை முதுமொழிக்காஞ்சி. அதனைப் பொருண்மொழிக்காஞ்சி எனவும் வழங்குவர். துறையாலும் இரண்டு பாட்டும் உறவுடையன.

ஒருவர் பலராதல்

அரசுக்கும் தனிமனிதனுக்கும் இடையே ஒன்று வேண்டும். அதனைத் தமிழர் அறிந்திருந்தனர் என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று. முதற் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகள், குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை விரித்துரைக்கின்றன. ஏரி வாரியத்துக்கு அறுவர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தேர்தலுக்கு உரியர் அல்லர். மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவரும் உரியர் அல்லர். ஏரியில் ஓடம் செலுத்தித் தூர் எடுத்தற்கு அறக்கட்டளை வைத்த செய்திகளும் தமிழகக் கல்வெட்டுகளில் உண்டு. வண்டல் புதிய பகை அன்று. அதற்கு மாற்றும் புதிதன்று.

இவ்வாரியத்தின் சிறப்பு யாது? உறுப்பினர் நல்லவராக இருப்பர் என்று ஊர் நம்பியிருந்துவிடவில்லை. நல்லவராக இருத்தற்கு வேண்டிய கணக்கையும் காலவரையையும் விதியாகவே செய்து வைத்தது. அதே வேளையில் அவ்விதியின் குறையையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. சொந்த நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவர்க்கே குடவோலையில் இடம் இருந்தது. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர் பெயர் ஓலையில் ஏறவில்லை. தோட்டத்தில் மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு சாண் நிலம் இல்லாதவரின் வழித்தோன்றல்கள், இக்குறையைப் பிறர் சொல்லாமலே உணர்வர்.

பொதுவில் உள்ள வளத்தை அவரவர் தம் நலம் கருதித் துய்ப்பின் அது அழிந்தே தீரும் என்று 1968-இல் காரெட் ஹார்டின் வாதிட்டார். அரசின் கட்டுப்பாடோ தனியுடைமையோதான் வழி என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது. எலினோர் ஆஸ்ட்ரம் 1990-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை கூறினார். சுவிட்சர்லாந்து மலைமேய்ச்சல் நிலங்களையும், ஸ்பெயின் வலென்சியாவின் வாய்க்கால்களையும், பிலிப்பைன்ஸ் பாசனக் கூட்டங்களையும் ஆராய்ந்து, பயன்கொள்வோரே விதி வகுத்து, தாமே மேற்பார்த்து, மீறுவோரைப் படிப்படியாகத் தண்டிக்கும் இடங்களில் பொதுவளம் நூற்றாண்டுகள் நிலைத்துள்ளதைக் காட்டினார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசை முதன்முதல் பெற்ற பெண்மணி அவரே. ஏரி வாரியத்தை அறிந்த தமிழாசிரியர்க்கு ஆஸ்ட்ரம் கூறுவது அயலாகத் தோன்றாது.

பையும் பழக்கமும்

பழக்கம் முறையாவதற்கும் முறை பழக்கமாவதற்கும் அண்மைக்காலச் சான்றுகள் உண்டு. பினாங்கு மாநிலம் 2009 சூலையில் திங்கட்கிழமை மட்டும் கடைகளில் இலவச நெகிழிப்பை இல்லை என்று தொடங்கியது. 2010-இல் அது வாரத்தில் மூன்று நாளாயிற்று. 2011 சனவரி முதல் எல்லா நாளும் ஆயிற்று. வேண்டுவோர் பை ஒன்றுக்கு 20 காசு கொடுக்கவேண்டும் என்பது அன்றைய விதியாக இருந்தது. காசு சிறிது, அது செய்த வேலை பெரிது. கடைக்குப் பை கொண்டு செல்வது ஒரு சிலரின் வினோதமாக இருந்த நிலை மாறி, கொண்டு செல்லாமையே மறதியாகக் கருதப்படும் நிலை வந்தது. திங்கட்கிழமை என்ற ஒரு நாள் முதலில் வைத்ததும் அறிவுடைமை. பழக்கம் ஒரே நாளில் பிறப்பதன்று.

தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டம் நெகிழியை விலக்குவதில் முன்சென்றது. மாநிலம் முழுமைக்குமான தடை 2019 சனவரி 1 முதல் வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றது. மஞ்சள் துணிப்பை ஒருகாலத்தில் பட்டிக்காட்டான் அடையாளம் என்று எள்ளப்பட்டது. திரைப்படங்களும் அந்த எள்ளலைப் பரப்பின. ஒரு பையைக் கையில் எடுத்தற்கே நாணவேண்டியிருந்த சமுதாயத்தில், அதை எடுத்துச் சென்ற முதியவர் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே ஒரு வழக்கத்தைக் காத்துநின்றனர். அரசின் இயக்கம் பிற்காலத்தில் வந்து அவ்வழக்கத்துக்கு மதிப்பைத் திருப்பித் தந்தது. முன்னவர் காத்திராவிடின் பின்னவர் மீட்பதற்கு ஒன்றும் இருந்திராது.

தனிமனிதச் செயலின் உண்மையான மதிப்பு இங்கே விளங்கும். ஒருவர் மறுத்த ஒரு பையால் கடல் தூய்மையாகிவிடுவதில்லை. ஒருவர் பரப்பிய கவ்வாத்துக் கிளையால் ரிங்லெட் தேக்கம் ஆழமாகிவிடுவதில்லை. ஆயினும் அச்செயல் பிறர் கண்ணுக்குத் தெரிகிறது. இப்படியும் வாழலாம் என்பதற்குச் சான்றாகிறது. சான்று பெருகும்போது விதி கேட்கும் துணிவு பிறக்கிறது. விதி பிறந்தபின் நல்லவராக இருத்தற்கு வீரம் வேண்டுவதில்லை; இயல்பான மனிதரும் நல்லவராகலாம். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய 182-ஆம் பாட்டு, பிறர்க்கென முயலும் அரியர் சிலரால் உலகம் நிலைபெறுகிறது என்கிறது. ஔவையார் பாட்டு நல்லவர் பலரால் நிலம் நல்லதாகிறது என்கிறது. சிலரிலிருந்து பலர்க்குச் செல்லும் வழியில்தான் வாரியமும் விதியும் நிற்கின்றன.

கேமரன் மலையிலும் அவ்வழி முற்றும் அடைபட்டுவிடவில்லை. 2001-இல் உள்ளூர் மக்கள் அமைத்த 'ரீச்' என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு, காடு அழிதலையும் ஆறு கெடுதலையும் குறித்துப் பல்லாண்டு குரல் எழுப்பிவந்துள்ளது. தன் வீட்டுக் குப்பையைத் தான் பிரித்தவர், பின்னர் ஆற்றின் நிலையைக் கேட்கக் கூடினர். ஆற்றைக் கேட்டவர், சரிவில் புதிதாக வெட்டப்பட்ட நிலத்துக்கு இசைவு உண்டா என்று கேட்கலாயினர். வீட்டு வாயிலில் தொடங்கிய நடத்தை அலுவலக வாயில்வரை சென்றது. அவ்வாறு செல்லாத நற்பழக்கம் தன் மனத்துக்கு ஆறுதல் தருவதோடு நின்றுவிடும்.

வகுப்பறைக்கு வந்தால்

இனி இப்பாட்டைக் கற்பிப்போர் கருதவேண்டுவன சில. முதலாவது, 187-ஆம் பாட்டைத் தனியே கற்பித்தல் போதாது. 18, 182, 184 ஆகியவற்றோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். தொகுத்தவர் ஒரே நூலில் வைத்த பாட்டுகளைப் பாடநூல் பிரித்துவைத்ததனாலேயே ஔவையார் கருத்து அரைகுறையாயிற்று. இரண்டாவது, 'நல்லவர்' என்னும் சொல்லுக்கு உள்ளத் தூய்மை என்ற அளவில் பொருள் கூறி நிறுத்தாமல், தாம் வாழும் நிலத்தின் இயல்பறிந்து ஒழுகுவோர் என்ற பொருளையும் விளக்குதல் வேண்டும். மலையூர்ப் பள்ளியில் அதற்கு எடுத்துக்காட்டு வெகுதொலைவில் இல்லை. மழை பெய்த மறுநாள் பெர்த்தாம் ஆற்றின் நிறத்தை மாணவர் கண்டாலே போதும். சிவந்து கலங்கிய நீர் மேல்மலையில் திறந்துகிடக்கும் மண்ணின் செய்தியைக் கொண்டுவரும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அது அறத்தைப் பற்றியது. சுமை அறிவுரையாக இறங்கும்போது பெரும்பாலும் எளியவர் தலையிலேயே இறங்குகிறது. லயத்தில் வாழ்ந்தவரிடம் விறகை வீணாக்காதே என்றும், இன்று அயல்நாடுகளிலிருந்து வந்து அதே மலையில் உழைப்பவரிடம் குப்பையை ஒழுங்காகப் போடு என்றும் சொல்லுவோர், மலையைப் பிளக்க இசைவு தந்தவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. பிசிராந்தையாரும் குடபுலவியனாரும் இவ்வழக்கத்துக்கு மாறானவர்கள். அவர்கள் அறிவுரை மேல்நோக்கிச் சென்றது. வள்ளுவரும் ஊருணி நீர் நிறைந்த உவமையைப் பேரறிவுடைய செல்வர்க்கே பொருத்தினார். ஆற்றல் மிகுந்தவர்க்குக் கடமையும் மிகுதி என்பது தமிழ் அறநூல்களின் துணிபு. தனிமனித ஒழுக்கம் பற்றிய கட்டுரையில் மாணவன் இதனையும் எழுதக் கற்றால், அவன் எழுதுவது மனப்பாடமாக இராது.

மலைவாழ்வு மாறுவதைத் தமிழ் நாவல் நோக்காமல் விட்டதில்லை. நீலகிரிப் படுகர் வாழ்வு தேயிலையாலும் புதுநாகரிகத்தாலும் மாறியதை ராஜம் கிருஷ்ணன் 'குறிஞ்சித் தேன்' நாவலில் காட்டினார். கேமரன் மலையின் தேயிலையும் அணையும் வெள்ளமும் அத்தகைய ஒரு நூலுக்குக் காத்திருக்கத் தகுந்த பொருள்களே. எழுத முன்வருவோர் தீயவன் ஒருவனைப் படைத்து அவன்மேல் பழிசுமத்தி முடித்துவிடாதிருத்தல் நலம். நல்லவர் பலர் கூடியும் நிலம் கெட்டது எங்ஙனம் என்பதே அம்மலை வைக்கும் வினா. காப்பியத்துக்கு ஏற்ற அவலமும் அதுவே.

அவ்வினாவுக்கு நான்கு புறப்பாட்டுகளும் கூடித் தரும் விடை இவ்வளவு: நிலம் மக்களால் நல்லதாகும், மக்கள் முறையால் பலராவர், முறை, அதனைக் கேட்கத் துணிந்த சிலரால் பிறக்கும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மேட்டு மண் பள்ளத்துக்கு வந்தே தீரும். 1963-இல் எழுந்த ரிங்லெட் அணை தனக்குக் குறித்த 80 ஆண்டை எப்படி நிறைவுசெய்யும் என்பதைப் பொறியாளர் மட்டும் முடிவு செய்ய இயலாது. மேல்மலையில் மண்ணைத் திறப்பவரும், அதற்கு இசைவு தருபவரும், விளைந்ததை வாங்குபவரும், இவற்றைக் கண்டும் வாளா இருப்பவரும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றனர்.